98 டாலர் கிடந்த இடத்தில் 8 டாலரை மிச்சம் பிடித்த கதை

8 டாலர் கட்டினால் 98 டாலர் வரலாம் என்ற இடத்தில் சீட்டைக் கீழே போட்டேன். போட்ட மறுநொடி எதிரில் இருந்த பெரியவர் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். டைமண்ட் ஏஸ், டைமண்ட் ராணி. ஒரு ஜோடி கூடக் கிடையாது. என்னிடம் இருந்தது ஒரு ஜோடி ஒன்பது. மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள், டீலர் சிப்ஸை அவர் பக்கம் தள்ளினார், நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

இந்த ஒரு போக்கர் கையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அன்று இரவு நான் நினைத்த தப்பு வேறு, உட்கார்ந்து கணக்குப் போட்டபோது கிடைத்த தப்பு வேறு.

இடம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஒரு கார்டு ரூம். ஆட்டம் போக்கரில் ஒரு வகையான 4/8 லிமிட் ஹோல்டெம், 9 பேர். லிமிட் ஆடாதவர்களுக்காக: இதில் பெட் தொகை நம் இஷ்டம் இல்லை. முதல் இரண்டு சுற்றில், அதாவது கையில் 2 சீட்டு வந்ததும், பிறகு மேசையில் 3 சீட்டு (ஃப்ளாப்) விழுந்ததும், பெட் 4 டாலர்தான். நாலாவது சீட்டு (டர்ன்), அஞ்சாவது சீட்டு (ரிவர்) இரண்டிலும் 8 டாலர். ரெய்ஸ் என்றால் அதே அளவு மேலே ஏற்றலாம், அவ்வளவுதான். கால் என்றால் எதிராளி வைத்ததற்குச் சமமாகக் கட்டுவது, செக் என்றால் எதுவும் வைக்காமல் அடுத்தவருக்கு விடுவது, ஃபோல்ட் என்றால் சீட்டைக் கீழே போட்டு விலகுவது. இருக்கிற சிப்ஸை எல்லாம் நடுவில் தள்ளி எதிராளியைப் பயமுறுத்துகிற சினிமா வேலை இங்கே நடக்காது. 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் போக்கர் உலகப் போட்டியை ஜெயித்த பிறகு எல்லோரும் பெட்டுக்கு வரம்பு இல்லாத நோ-லிமிட் பக்கம் ஓடிவிட்டார்கள், லிமிட் மேசைகளில் பெரும்பாலும் என்னைப் போன்ற பொறுமைசாலிகளும் ஓய்வு பெற்றவர்களும்தான் மிச்சம்.

பெட் தொகை கட்டிப்போட்டிருப்பதால் ஒரு விளைவு உண்டு, இந்தக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான் வரும். முதல் சுற்றிலேயே நாலு பேர் உள்ளே வந்துவிட்டால் பாட் (நடுவில் சேரும் பணம்) பெரிதாகிவிடும், ஆனால் அடுத்து வரும் ஒவ்வொரு பெட்டும் அந்த பாட்டுக்கு முன்னால் சின்னதாகவே தெரியும். அதனால் எப்போதும் "இன்னும் ஒரு பெட்தானே" என்று தோன்றும்.

சரி, கைக்கு வருவோம். நான் பிக் பிளைண்டில், அதாவது சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே 4 டாலர் வைத்தாகிவிட்டது. வந்தது ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் 9. எனக்கு இடப்பக்கம், முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்த அந்தப் பெரியவர் 8 ஆக ரெய்ஸ் செய்தார். தொப்பி, கண்ணாடி, மூன்று மணி நேரத்தில் நாலு கைக்கு மேல் ஆடாதவர். அந்த இடத்தில் இருந்து அப்படிப்பட்டவர் ரெய்ஸ் செய்தால் நல்ல சீட்டுதான். நடுவில் ஒரு பெண் கால் செய்தார், பட்டனில் (கடைசியாகப் பேசும் இடம்) இருந்த பையனும் கால் செய்தான், என்னைப் போலவே முன்கூட்டி 2 டாலர் வைத்திருந்த ஸ்மால் பிளைண்ட் அதை விட்டுவிட்டுப் போனார். எனக்கு இன்னும் 4 டாலர்தான் தேவை, கட்டினேன். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. பாட்டில் 34 டாலர்.

ஃப்ளாப்: கிளாவர் 9, டைமண்ட் 6, டைமண்ட் 2.

மேசையில் பெரிய சீட்டு 9, என்னிடம் அதற்கு ஜோடி, கூட ஏஸ். நான் செக் செய்தேன், பெரியவர் 4 வைத்தார், அந்தப் பெண் கால், பையன் போய்விட்டான், நான் 8 ஆக ஏற்றினேன். இருவரும் கால். பாட் 58.

இங்கே முதல் குறை. மேசையில் இருந்தபோது இந்த செக்-ரெய்ஸ் எனக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஏற்கெனவே 4 வைத்துவிட்டார், இன்னும் 4 கட்ட வேண்டும், பாட்டில் 54 கிடக்கிறது. பதிமூன்றரைக்கு ஒன்று. நடுவில் ஒரு சீட்டு விழுந்தால் வரிசை சேரும் என்ற மாதிரியான அற்பக் கைக்குக்கூட அடுத்த சீட்டில் வாய்ப்பு கிட்டத்தட்ட பதினொன்றுக்கு ஒன்று, அதனால் அவர் கால் செய்வது நியாயம்தான். மாறாக நானே முதலில் 4 வைத்திருந்தால், பெரியவர் தன் நல்ல சீட்டின் தைரியத்தில் 8 ஆக ஏற்றியிருப்பார், அந்தப் பெண் 46 டாலர் பாட்டுக்கு 8 டாலரை மொத்தமாகக் கட்ட வேண்டி வந்திருக்கும். ஆறுக்கு ஒன்று கூட இல்லை. லிமிட்டில் ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால் இன்னொருவரின் ரெய்ஸைக் கடன் வாங்கித்தான் செய்ய முடியும். எனக்கு அது தெரியும், அன்று தோன்றவில்லை.

டர்ன்: ஸ்பேட் ராஜா.

பிடிக்காத சீட்டு. இருந்தாலும் 8 வைத்தேன். பெரியவர் அவசரம் இல்லாமல், சிப்ஸை நாலு நாலாக நாலு அடுக்கு அடுக்கி 16 என்று முன்னால் தள்ளினார். அந்தப் பெண் சீட்டை எறிந்தார். இப்போது பாட்டில் 82, நான் கட்ட வேண்டியது 8.

அங்கே என் மண்டையில் ஓடியது இவ்வளவுதான்: "பத்துக்கு ஒன்று கிடைக்கிறது, கால் பண்ணு, ரிவரில் பார்த்துக்கொள்ளலாம்." கட்டினேன். பாட் 90.

ரிவர் கிளாவர் 3. யாருக்கும் உதவாத சீட்டு. நான் மேசையைத் தட்டி செக் சொன்னேன், தட்டி முடிக்கும் முன்பே அவர் கை நகர்ந்துவிட்டது, நாலு நாலாக இரண்டு அடுக்கு, 8 டாலர். நான் ஒரு ஐந்து விநாடி யோசித்திருப்பேன். முதல் இடத்தில் ரெய்ஸ், டர்னில் ரெய்ஸ், ரிவரிலும் விடவில்லை, ராஜா இல்லாமலா? சீட்டைக் கீழே போட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அந்த ஐந்து விநாடியில் இன்னொரு கணக்கும் ஓடியது: அன்று ஏற்கெனவே 140 டாலர் கீழே இருந்தேன், இந்த எட்டு டாலராவது மிஞ்சட்டும்.

திரும்பி வரும்போது காரில், என்னோடு அடிக்கடி ஆட வரும் மதுரைக்கார அண்ணன் விடவில்லை. "தம்பி, எட்டு டாலருக்குப் பயந்து தொண்ணூத்தெட்டை விட்டுட்டு வந்திருக்கியே. அவர்கிட்ட ஒண்ணுமே இல்லைப்பா." "அது காட்டின பிறகுதானேண்ணே தெரியும்" என்றேன். "காட்டலைன்னாலும் கட்டியிருக்கணும்" என்றார். ஏன் என்று கேட்டால் "பாட் பெருசுல்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவர் சொன்னது சரியா என்று பார்க்க, அவர் பார்த்த சீட்டை மறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். அந்த டைமண்ட் ராணி எந்த வாதத்தையும் நிரூபிக்காது. ராஜாவைக் காட்டியிருந்தால் இதே அண்ணன் "நல்லா போட்டே தம்பி" என்று சொல்லியிருப்பார்.

ரிவரில் கேள்வி ஒன்றுதான். 8 கட்டி 98-ஐ எடுக்க நூற்றுக்கு எத்தனை முறை நான் ஜெயிக்க வேண்டும்? 8-ஐ 106-ஆல் வகுத்தால் ஏழரை. பதிமூன்று முறையில் ஒருமுறை அவர் பொய் சொன்னால் என் காசு எனக்கு வந்துவிடும்.

அவர் பொய் சொல்லக்கூடிய கைகள் எத்தனை, உண்மையான கைகள் எத்தனை? எண்ணிப் பார்க்கலாம், கஷ்டமில்லை. ஒரு ஏஸ் என்னிடம், ஒரு ராஜா மேசையில். மிச்சம் 3 ஏஸ், 3 ராஜா, ஆக ஏஸ்-ராஜா 9 விதமாக வரலாம். ஒரே சின்னத்தில் ராஜா-ராணி 3 விதம். ஏஸ் ஜோடி 3, ராஜா ஜோடி 3, 6 ஜோடி 3, 9 ஜோடி 1. மொத்தம் 22. எனக்குக் கீழே இருக்கிற கைகள்: டைமண்டில் ஏஸ்-ராணி, ஏஸ்-ஜாக்கி, ராணி-ஜாக்கி. ஃப்ளஷுக்குக் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) காத்திருந்து டர்னில் மிரட்டிப் பார்த்தவை. வெறும் 3. ஏஸ் ஜோடி வைத்திருந்தால் ஃப்ளாப்பிலேயே திருப்பி ரெய்ஸ் செய்திருப்பாரே என்று சிலவற்றைக் கழித்தால் கணக்கு எனக்கு இன்னும் கொஞ்சம் சாதகமாகும், ஆனால் பெட் இரட்டிப்பாகும் டர்ன் வரை பொறுத்திருப்பது இந்த வயது ஆட்டக்காரர்களின் பழக்கம், அதனால் கழிக்காமலே விடுகிறேன்.

25-ல் 3. அதாவது 12 சதவீதம். தேவை ஏழரை. ஆக அந்த மூன்று கைகளிலும் அவர் ரிவரில் விடாமல் பெட் வைப்பார் என்றால் நான் கட்டியிருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் சராசரியாக 4 டாலர் 70 சென்ட் லாபம். நூற்றுக்கு 88 முறை தோற்று, அசடு வழிந்து, அப்படியும் லாபம். லிமிட்டில் ரிவர் கால் என்பது இப்படித்தான் இருக்கும், பெரும்பாலும் தோற்கிற கால்கள்தான் சரியான கால்கள்.

ஆனால் அவர் மிரட்டலை பாதி நேரம் ரிவரில் கைவிட்டுவிடுகிற ஆள் என்றால்? 23 சொச்சத்தில் ஒன்றரை, அதாவது 6.4 சதவீதம். அப்போது ஃபோல்ட்தான் சரி. ஒரே சீட்டு, ஒரே பாட், எதிராளியின் ஒரு பழக்கத்தில் விடை மாறிவிடுகிறது. தெரியாதபோது என்ன செய்வது என்பதற்கு ஒரு சாய்வு இருக்கிறது: இந்த இரண்டாவது நிலையில் தப்பாகக் கட்டினால் சராசரி இழப்பு 1 டாலர் 20 சென்ட். முதல் நிலையில் தப்பாகப் போட்டால் இழப்பு 4 டாலர் 70. ஆளைப் பற்றித் தெரியாவிட்டால் கட்டு என்பதற்கு இதுதான் காரணம். அண்ணன் சொன்ன "பாட் பெருசுல்ல" என்பதன் விரிவுரை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அளவில் விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். டர்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் உறுத்தியது.

டர்னில் "பத்துக்கு ஒன்று கிடைக்கிறது" என்று கட்டினேன் அல்லவா, அது பொய்க் கணக்கு. டர்னில் கட்டுகிறவன் ரிவரிலும் கட்டத்தான் போகிறான் (கட்ட மாட்டான் என்றால் டர்னில் ஏன் கட்டினான்?), அதனால் விலை 8 இல்லை, 16. கிடைக்கப்போவது இப்போதிருக்கும் 82, கூடவே அவர் ரிவரில் வைக்கப்போகும் 8, ஆக 90. ஐந்தரைக்கு ஒன்று. 16-ஐ 106-ஆல் வகுத்தால் தேவை 15 சதவீதம். ரிவரில் தேவைப்பட்டதைப் போல இரண்டு மடங்கு.

என்னிடம் எவ்வளவு இருந்தது? மேலே எண்ணிய 12 சதவீதம் அப்படியே சேராது, ஏனென்றால் டைமண்ட் வைத்திருப்பவருக்கு இன்னும் ஒரு சீட்டு வரப்போகிறது. 9 டைமண்டும் 3 ராணியும் என்று 44-ல் 12 சீட்டு ஏஸ்-ராணிக்கு உதவும், நாலில் ஒரு பங்குக்கும் மேல் அவர் என்னைத் தாண்டிவிடுவார். 12 என்பது 9 ஆகச் சுருங்குகிறது. அப்புறம் நான் தேறுவதற்கான வாய்ப்பு. ஏஸ்-ராஜா வைத்திருந்தால் எனக்கு மிச்சம் இருக்கிற இரண்டு 9 மட்டும்தான் கதி, ஏஸ் வந்தால் அவருக்கும்தான் வருகிறது. ராஜா-ராணி என்றால் ஏஸும் உதவும், 5 சீட்டு. மூன்று ஒரே எண் வைத்திருந்தால் நான் செத்தவன். இதையெல்லாம் கூட்டினால் இன்னொரு மூன்றரை. ஆக 12 சொச்சம், தேவை 15. தேறினால் கூடுதலாக ஒரு பெட் வாங்கலாம், அது இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கும், அடைத்துவிடாது.

அதாவது இந்த ஆளுக்கு எதிராக டர்னிலேயே சீட்டைப் போட்டிருக்க வேண்டும். நான் செய்ததோ, போட வேண்டிய இடத்தில் கட்டினேன், கட்ட வேண்டிய இடத்தில் போட்டேன்.

ரம்மி ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கையில் சீட்டு வந்ததும் டிராப் சொன்னால் 20 பாயின்ட், நடுவில் சொன்னால் 40. முதல் டிராப் சொல்லக் கூச்சப்பட்டு, ரெண்டு சீட்டு எடுத்துப் பார்க்கலாம் என்று இருந்து, ஒன்றும் சேராமல் 40-க்கு டிராப் சொல்கிறவனைப் பார்த்து ஊரில் எல்லோரும் சிரிப்போம். டர்னில் கட்டி, உதவாத ரிவருக்குப் போட்டது அதே நடு டிராப்தான்.

அந்தப் பெண் டர்னில் போகாமல் 16-ஐக் கட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு யோசனையே தேவையில்லை. பெரியவர் மிரட்டுகிறார் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் ரெய்ஸைப் பார்த்த பிறகும் இரண்டு பெட்டை மொத்தமாகக் கட்டுகிறவர் சும்மா கட்ட மாட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் 9 ஜோடிக்குக் கீழே இருக்க வேண்டும் என்றால் அந்த 12 சதவீதம் கரைந்து காணாமல் போய்விடும். பாட் பெரிதானாலும் போட வேண்டியதுதான். "பாட் பெருசுல்ல" என்ற ஒரே வாதம் இந்த இடத்தில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

இதற்கு ஒரு இயந்திரத் தீர்ப்பும் உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங்கும் குழுவும் 2015 ஜனவரியில் சயின்ஸ் இதழில் ஒரு அறிவிப்பு வெளியிட்டார்கள்: இருவர் மட்டும் ஆடும் லிமிட் ஹோல்டெமுக்கு நடைமுறையில் விடை கண்டாகிவிட்டது. அந்த நிரலுக்கு செஃபியஸ் என்று பெயர். 4,800 ப்ராசஸர்கள், 68 நாள். ஆயுள் முழுக்க உட்கார்ந்து ஆடினாலும் அதை நிச்சயமாக ஜெயித்தோம் என்று ஒரு மனிதனால் சொல்ல முடியாத அளவுக்கு ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அது கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பிடித்தது: தன்னோடு தானே ஆடி, ஒவ்வொரு இடத்திலும் "இதைச் செய்யாமல் அதைச் செய்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்" என்ற வருத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும், வருத்தம் அதிகமுள்ள பக்கம் அடுத்த முறை சாயும். அது கூட்டுகிற வருத்தம் எதிராளியிடம் இருக்கக்கூடிய எல்லாக் கைகளுக்குமானது. நான் காரில் பட்ட வருத்தம் ஒரே ஒரு டைமண்ட் ராணிக்கானது.

அந்த வழியில் யோசித்தால், 90 டாலர் பாட்டில் ஒருவர் 8 வைக்கும்போது நான் நூற்றுக்கு 8 தடவைக்கு மேல் சீட்டைப் போட்டுவிட்டேன் என்றால், அவர் எந்தச் சீட்டை வைத்துக்கொண்டும் மிரட்டிப் பிழைக்கலாம். நான் அதே மாதிரி ஆடி ரிவர் வரை வந்திருக்கக்கூடிய கைகளில் தோற்றுப்போன டைமண்ட்களும் உண்டு, போட வேண்டியவை அவைதான். ஏஸோடு வந்த 9 ஜோடி அந்த அடிமட்ட எட்டில் வராது. ஆக இயந்திரக் கணக்கிலும் என் ஃபோல்ட் தேறவில்லை. ஆனால் செஃபியஸ் ஆடுவது இருவர் ஆட்டம், எதிராளியும் தன்னைப் போலவே அளந்து மிரட்டுவான் என்ற நினைப்பில். மூன்று மணி நேரத்தில் நாலு கை ஆடுகிற தொப்பிக்காரர் அப்படி அளந்து மிரட்டுவதில்லை. இவருக்கு இயந்திரத்தின் விகிதத்தை வைத்து ரிவரில் கட்டிக்கொண்டே போனால் அவர் பேரப்பிள்ளைகளின் படிப்புச் செலவு நம்முடையதாகிவிடும்.

சின்ன விஷயம் ஒன்று: கார்டு ரூம் ஒவ்வொரு பாட்டிலும் தன் பங்கை எடுக்கிறது, அதை மேலே நான் சேர்க்கவில்லை. 5 டாலர் போகிறது என்று வைத்தாலும் ரிவரில் தேவை ஏழரையில் இருந்து எட்டுக்குத்தான் நகரும். இவ்வளவு பெரிய பாட்டில் அது பெரிய வித்தியாசமில்லை. 20 டாலர் பாட்டில் அதே 5 டாலர் கழுத்தை அறுக்கும்.

மேசையில் உட்கார்ந்துகொண்டு இத்தனை வகுத்தல் போட முடியாது, நானும் போடுவதில்லை. அந்த இரவுக்குப் பிறகு நான் மாற்றியது பாட்டை எண்ணும் விதம். டாலரில் எண்ணாமல் பெரிய பெட்டில் எண்ணுகிறேன். ஃப்ளாப் முடியும்போது 58 டாலர் என்றால் ஏழு பெட். டர்னில் நான் ஒன்று, அவர் இரண்டு, ஆகப் பத்து. இந்த இடத்தில் நிறுத்தி, "இவர் ரிவரிலும் வைப்பார், கூட்டினால் பதினொன்று, எனக்குச் செலவு இரண்டு" என்று சொல்லிக்கொள்கிறேன். ரிவரில், டர்னில் நான் கட்டிய ஒன்றையும் சேர்த்துப் பதினொன்று, அதோடு அவர் வைக்கும் ஒன்று, பன்னிரண்டு, செலவு ஒன்று. அந்த "செலவு இரண்டு" என்பதை டர்னில் வாய்விட்டுச் சொல்லாத குறையாகச் சொல்லிக்கொள்வதுதான் எனக்கு உதவுகிறது. சொன்ன பிறகும் கட்டத் தோன்றினால் கட்டுவேன், ஆனால் கட்டினால் ரிவரில் உதவாத சீட்டு விழுந்ததற்காகப் போடுவதில்லை.

அப்புறம் கைப்பேசியில் அந்தப் பெரியவருக்கு ஒரு குறிப்பு திறந்தேன். அடுத்த ஒன்றரை மாதத்தில் அவரோடு நாலு முறை ஒரே மேசையில் உட்கார்ந்தேன். டர்னில் அவர் ரெய்ஸ் செய்து, ரிவரிலும் வைத்து, யாரோ கட்டி சீட்டு காட்டப்பட்டது மூன்று முறை. ஏஸ்-ராஜா, 7 ஜோடியோடு மூன்றாவது 7, மறுபடி ஏஸ்-ராஜா. மூன்றே மூன்று, இதை வைத்து ஒரு மனிதனை எடைபோட முடியாது என்று தெரியும். நாலாவது முறை அவர் டர்னில் ரெய்ஸ் செய்தது எனக்கு எதிராக, மேசையில் ராணி, என்னிடம் ஜாக்கி ஜோடி, பாட்டில் எட்டு பெட். செலவு இரண்டு என்று சொல்லிக்கொண்டு சீட்டைப் போட்டேன். அந்த முறை அவர் எதையும் காட்டவில்லை.